ஈத்காவும் ஏரியும்: பழைய நில வரைபடங்களில் நம் ஊரைத் தேடுதல்



இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட தாள்களில் 57 எல்/8 என்ற எண்ணைத் தாங்கிய தாள் ஒன்று உண்டு. கம்பைநல்லூரும் மொரப்பூரும் அரூரும் அந்த ஒரே தாளுக்குள் அடங்கும். பள்ளிப் புவியியல் நூல்கள் இத்தகைய தாளைத் தலப்படம் என்கின்றன; அலுவலகங்களில் டோப்போ ஷீட் என்ற பெயரே வழங்குகிறது. எண்ணின் பொருளை அறிந்தால் தாளைத் தேடுவது எளிது. நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் கொண்ட பெருங்கட்டத்தின் எண் 57. அதைப் பதினாறாகப் பிரித்து எழுத்திட்டால் நம் பகுதிக்குரிய எழுத்து எல். அந்தக் கட்டத்தை மறுபடியும் பதினாறாக்கினால் எட்டாவது துண்டு நம்முடையது. ஒவ்வொரு துண்டும் 15 நிமிட அளவுடையது. தரையில் பார்த்தால் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். மேடு, பள்ளம், ஆறு, ஏரி, கிணறு, வண்டிப் பாதை, ஒற்றையடிப் பாதை, கோயில், பள்ளிவாசல், அடக்கத்தலம் என்று அந்த நிலப்பரப்பின் மேல் நிற்பவை அனைத்தும் சின்னஞ்சிறு குறிகளாக அதில் அமர்ந்திருக்கும்.

"அந்தக் காலத்தில் இங்கெல்லாம் தண்ணீர் நிற்கும்", "ஈத்கா ஊருக்கு வெளியே இருந்தது", "இந்த வழியாகத்தான் ரயில் போயிற்று" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இளையவர்கள் அதைப் பழம்பேச்சாக எண்ணிக் கடந்துவிடுகின்றனர். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே விரித்தால், அந்தப் பேச்சு சரிபார்க்கத்தக்க சான்றாக மாறுகிறது. ஒரு தாள் ஒரு நாளின் சாட்சி. இரண்டு தாள்கள் சேர்ந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தின் வரலாறு கிடைக்கிறது. மாலை மதரஸாவில் பெரிய பிள்ளைகளுக்கு முன் இத்தாளை விரித்தால் முதலில் எழும் கேள்வி, "நம்ம வீடு எங்கே ஹஜ்ரத்?" என்பதுதான். தாளில் வீடு தெரியாது. ஆனால் வீடு நிற்கும் மனை முன்பு வயலா, ஓடைக்கரையா, ஏரிவாயா என்பது தெரியும். அது வீட்டைவிடப் பெரிய செய்தி.

சாட்சி என்று சொன்னதால், சாட்சியை ஆராயும் முறையையும் சொல்ல வேண்டும். ஹதீஸ் கலையில் மத்ன் என்னும் செய்தியை ஏற்குமுன் ஸனது என்னும் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்கிறோம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்று கேட்கிறோம். நில வரைபடத்துக்கும் ஸனது உண்டு. அது தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எந்த ஆண்டு களத்தில் அளந்தார்கள், எந்த ஆண்டு அச்சிட்டார்கள், எந்த ஆண்டு மறுபதிப்புச் செய்தார்கள் என்பவை வெவ்வேறு செய்திகள். ஆர்வலர் பலர் அச்சிட்ட ஆண்டைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டில் ஊர் அப்படி இருந்தது என்று எழுதிவிடுகின்றனர். அச்சுக்கும் அளவைக்கும் இடையே முப்பது ஆண்டுகள்கூட இருக்கலாம். ஊரின் நிலையைச் சொல்வது அளந்த ஆண்டு மட்டுமே. மற்றவை அச்சகத்தின் வரலாறு.

அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் இந்தியா முழுவதற்கும் 2,50,000-இல் ஒரு பங்கு அளவில் தாள்கள் தயாரித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அத்தாள்களின் அடியில் எந்தப் பகுதிக்கு எந்த மூலத்தைப் பயன்படுத்தினார்கள், எந்த மூலம் எவ்வளவு நம்பத்தக்கது என்று காட்டும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். இதைக் கண்டால் ஹதீஸ் பாடம் படித்தவருக்கு மகிழ்ச்சி பிறக்கும். ஆனால் அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சமம். கம்பைநல்லூர் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். ஆற்றின் போக்கையும் பெருஞ்சாலைகளையும் அறிய அது போதும். தெருவை அறியப் போதாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய அளவையின் தீர்க்கரேகைக் கணக்கு சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த அடிப்படை எண் பிற்காலத்தில் திருத்தம் பெற்றது. எனவே மிகப் பழைய தாள்களில் உள்ள தீர்க்கரேகையிலிருந்து ஏறத்தாழ 2 நிமிடம் 27 நொடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். நொடிக்கணக்கு என்று இதைச் சிறிதாக எண்ணலாகாது. நம் அட்சரேகையில் அது ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். திருத்தாமல் இன்றைய கைப்பேசி வரைபடத்தின் மேல் பொருத்தினால் ஊர் முழுவதும் கிழக்கே தள்ளிப் போய் நிற்கும். பள்ளிவாசலை ஏரிக்குள் கண்டதாக யாரேனும் எழுதினால் முதலில் இந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

பூமியை அளக்கும் கலை முஸ்லிம்களுக்குப் புதிதன்று. கலீஃபா மஃமூனின் காலத்தில் சிஞ்சார் சமவெளியில் ஒரு பாகையின் நீளத்தைத் தரையிலேயே அளந்தனர். அல்பீரூனி, இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே மலையின் உயரத்தையும் அடிவானத்தின் தாழ்வையும் கொண்டு பூமியின் அளவைக் கணக்கிட்டார். சிசிலியில் அல்இத்ரீசி 1154-இல் முடித்த உலகப்படத்தில் தெற்கு மேலே இருக்கும். கிப்லாவையும் தொழுகை நேரத்தையும் அறிய வேண்டியிருந்த சமூகம் திசையையும் தொலைவையும் விடாமல் ஆராய்ந்தது இயல்பே.

நம் நிலத்துக்கு அளவைச் சங்கிலி வந்த வரலாறு வேறு. அது போரின் முடிவில் வந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். அதில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியும் திருப்பத்தூர்ப் பக்கமும் சேர்ந்ததே அந்தப் பாராமகால். பாரா என்பது உருதுவில் பன்னிரண்டு; மஹால் என்பது அரபு வேர்ச்சொல்; வருவாய்ப் பிரிவையும் மாளிகையையும் அது குறிக்கும். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று மக்கள் அதற்குப் பொருள் சொல்வர். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இப்பகுதியின் நிர்வாகத்தை ஏற்றார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். வயல் வயலாக அளந்து, உழவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. ஜான் மேதர் என்ற அளவையாளர் 1790களில் பாராமகாலை அளந்து படம் வரைந்தார். வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியது 1802-இல்தான். பாராமகாலின் படம் அதற்கும் முந்தியது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு தாளைப் படிக்க வேண்டும். இவை நமக்காக வரைந்தவை அல்ல. வரி வாங்குவதற்காகவும் படை நடத்துவதற்காகவும் வரைந்தவை. எந்தப் பாதையில் சக்கர வண்டி போகும், எந்தக் குன்றின் மேல் நின்றால் கண்ணுக்கு எட்டும், எங்கே கிணறு உண்டு என்பவை அவர்களுக்குத் தேவைப்பட்டன, கவனமாகக் குறித்தார்கள். எந்தத் தெருவுக்கு என்ன பெயர், எந்த மரத்தடியில் ஊர் கூடும் என்பவை தேவைப்படவில்லை, விட்டுவிட்டார்கள். சாட்சி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லியிருக்கிறது.

1905-க்குப் பின் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் பல வண்ணத் தாள்கள் வரத் தொடங்கின. நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுபவை இவையே. பின்னர் மெட்ரிக் முறை வந்தபின் 50,000-இல் ஒரு பங்கு என்ற அளவுக்கு மாறின. பழைய தாள்களில் நம் ஊர் சேலம் மாவட்டத்தில் இருக்கும். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். எல்லைக் கோடுகள் மாறுவதைப் பிள்ளைகள் விரைவில் கண்டுபிடித்துவிடுவர். அது எளிய பாடம்; அதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

மறைந்துபோன ரயில் பாதை அதைவிடச் சுவையானது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று 1906-இல் திறக்கப்பட்டது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், அதை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அளந்த தாளில் அந்தப் பாதை கறுப்புக் கோடாகச் செல்லும். பிற்காலத் தாளில் இராது. மெய்யான ரயில் பாதை மறைந்தாலும் அது போட்டுச் சென்ற மண்மேடும் சிறு பாலங்களும் சில இடங்களில் வண்டிப் பாதையாகவோ வரப்பாகவோ தங்கிவிடும். நிலத்தில் காரணமின்றி நேராகச் செல்லும் ஒரு வரப்பைக் கண்டால் பழைய தாளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 1941-க்குப் பின் அச்சான தாளில் அந்தப் பாதையைக் கண்டாலோ, அப்போதும் ரயில் ஓடியது என்று முடிவு கட்டலாகாது. அளந்த ஆண்டை ஓரத்தில் பாருங்கள். மொரப்பூர் - தருமபுரிப் புதிய அகலப்பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினர். 1906-இல் இருந்த வசதியை 2019-இல் கேட்டு வாங்க வேண்டிய நிலை நம் மாவட்டத்துக்கு.

இனி நீருக்கு வருவோம். தாளில் நான் பெரிதும் மதிப்பது நீலக்கோட்டைத்தான். கம்பைநல்லூர் ஆறு தென்பெண்ணையின் துணையாறுகளுள் ஒன்று. நம் பகுதியின் ஏரிகளும் ஓடைகளும் ஒன்றோடொன்று கோத்தவை. மேல் ஏரி நிரம்பினால் கடைவாய் வழியே வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் ஆற்றுக்குப் போகும். இந்தக் கோவையைத் தரையில் நின்று காண இயலாது. ஒரு கரையிலிருந்து அடுத்த கரை தெரியாது. தாளில் ஒரே பார்வையில் தெரியும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரியும் ஓடையும் நீல நிறத்தில் இருக்கும். வறண்டு கிடந்து மழைக்கு மட்டும் உயிர்பெறுபவை கருங்கோட்டில் இருக்கும். ஏரிக்கரையின் ஓரத்தில் ஓர் எண்ணும் அதையொட்டி ஆர் என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது அடுத்துள்ள தரையைவிடக் கரை எவ்வளவு உயரம் என்பதைச் சொல்கிறது. பழைய தாளில் அடி, புதிய தாளில் மீட்டர். சமவுயரக் கோடுகளும் அவ்வாறே. பழைய தாளில் கோட்டுக்குக் கோடு 50 அடி, புதியதில் 20 மீட்டர்.

ஒரே ஏரியை இரு தாள்களிலும் பாருங்கள். பழையதில் நீலம், புதியதில் கருங்கோடு என்றால் நீர் வரத்து குறைந்திருக்கிறது. பழையதில் ஏரி இருந்து, புதியதில் கரை மட்டும் நிற்கிறது என்றால் உள்ளே உழவு நடக்கிறது. கரையும் இல்லையென்றால் அங்கே மனைப்பிரிவோ கட்டடமோ வந்திருக்கும். ஆனால் இங்கும் ஸனது வேண்டும். அளவையாளர் கோடையில் வந்தாரா, மழைக்குப் பின் வந்தாரா? வறட்சி ஆண்டில் அளந்த தாள் ஏரியைச் சிறிதாக்கிக் காட்டும். ஒரு தாளைக் கொண்டு ஏரி செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதாமல், கூகுள் எர்த்தில் பல ஆண்டுப் படங்களையும் வைத்துப் பார்த்தபின் பேசுவதே நேர்மை.

பெரிய அணைகள் வந்ததும் ஆற்றின் குணமே மாறிவிட்டது. தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை 1957-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சாத்தனூர் அணை அடுத்த ஆண்டு முடிந்தது. அதற்கு முன் அளந்த கிருஷ்ணகிரித் தாளில் இன்று நீர்ப்பரப்பாக உள்ள இடத்தில் வயல்களும் குடியிருப்புகளும் இருக்கும். நீருக்குள் போன ஊர்களின் பெயர்களை அறிய விரும்புவோர்க்கு அந்தத் தாள் ஒரு கல்வெட்டுக்கு ஒப்பாகும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை நம் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வாகனங்களைப் புரட்டித் தள்ளியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் கண்டோம். தென்பெண்ணைக் கரை நெடுகிலும் அந்த வாரம் அச்சத்தில் கழிந்தது. இதுபோன்ற மழை நாளில் நீர் பட்டாவைப் பார்த்து ஓடாது. பழைய தாளில் உள்ள கோட்டின் வழியேதான் ஓடும். புதிதாக வீடு கட்ட இருக்கும் குடும்பத்தார் மனையின் திசையையும் வாசலையும் ஆராய்வதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, அந்த மனை பழைய தாளில் ஓடையின் எப்பக்கம் இருந்தது என்று பார்ப்பதற்குச் செலவிட்டால் போதும். பள்ளிவாசலை விரிவாக்கவோ மதரஸாவுக்கு இடம் வாங்கவோ முனையும் ஜமாஅத்துகளுக்கும் இதையே சொல்வேன். விலை மலிவாகக் கிடைக்கும் நிலம் ஏன் மலிவு என்பதற்கு விடை பலநேரம் தாளில் இருக்கிறது.

இப்போது ஈத்காவுக்கு வருகிறேன். தலப்படத்தின் முறைக்குறியீட்டு அட்டவணையில் கோயில், சத்திரி, தேவாலயம், பள்ளிவாசல், ஈத்கா, சமாதி, அடக்கத்தலம் ஆகியவற்றின் குறிகள் ஒரே வரியில் இருக்கும். அளவையாளரின் நோக்கம் சமய நல்லிணக்கம் அன்று. தொலைவிலிருந்து அடையாளம் காணத்தக்க கட்டடங்கள் அவருக்கு வேண்டியிருந்தன. ஆயினும் அவர் விட்டுச்சென்ற அந்த வரி ஊர் வரலாற்றுக்குப் பெருந்துணை.

பெருநாள் தொழுகைக்கு நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் குடியிருப்புக்கு வெளியே உள்ள திடலுக்குச் செல்வார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் அறியப்பட்ட செய்தி. அவ்வழியைப் பின்பற்றி நம் முன்னோரும் ஈத்காவை ஊருக்கு வெளியே அமைத்தனர். ஆகவே பழைய தாளில் ஈத்காவின் குறி எங்கே இருக்கிறதோ, அதற்கு உள்ளேதான் அக்காலத்து ஊரின் விளிம்பு இருந்திருக்க வேண்டும். புதிய தாளில் அதே குறியைச் சுற்றிலும் வீடுகளின் சிவப்பு நிறம் சூழ்ந்திருந்தால் ஊர் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று பொருள். மதீனாவிலேயே இது நிகழ்ந்தது. நபி (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுத திடலின் நினைவாக மஸ்ஜிதுல் கமாமா நிற்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தோர் அதைப் பார்த்திருப்பர். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த திடல் இன்று நகரின் நடுவே.

தமிழ்நாட்டின் பழைய முஸ்லிம் குடியிருப்புகள் உள்ள எந்த ஊரிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அடக்கத்தலத்துக்கும் மயானத்துக்கும் இது பொருந்தும். அவையும் ஊருக்குப் புறத்தே அமைந்தவையே. ஊர் வளர வளர வேலிக்குள் சிக்கிக்கொண்டவையே. கம்பைநல்லூரில் தேசிநாதேசுவரர் கோயிலை நடுவாக வைத்து, ஆற்றின் பக்கம் எவ்வளவு, சாலையின் பக்கம் எவ்வளவு என்று வெவ்வேறு காலத் தாள்களில் குடியிருப்பின் விளிம்பை வரைந்தால் ஊர் எந்தத் திசையில் எந்தக் காலத்தில் நகர்ந்தது என்பது விளங்கும். பெரும்பாலும் ஊர்கள் சாலையைப் பிடித்துக்கொண்டு நீளும்; ஆற்றை நோக்கி முதுகு திருப்பும். முன்பு நீர்த்துறையை நோக்கி இருந்த வாழ்க்கை பேருந்து நிற்கும் இடத்தை நோக்கித் திரும்பியதன் தடம் அது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஈத்காவின் குறியும் அடக்கத்தலத்தின் குறியும் தலப்படத்தில் உள்ளன என்பதைக் கொண்டு, "இதோ நம் வக்ஃப் சொத்துக்கு ஆதாரம்" என்று சிலர் வாட்ஸ்அப்பில் பரப்புகின்றனர். தலப்படம் உரிமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தில் அந்த ஆண்டில் அப்படி ஒன்று இருந்தது என்று மட்டும் சொல்கிறது. மேலும், ஓரங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். குறியின் அகலமே ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மூடிவிடும். வேலித் தகராற்றை அதைக் கொண்டு தீர்க்க முயல்வது தேங்காய் நிறுக்கும் தராசில் பொன் நிறுப்பது போலாகும்.

உரிமைக்கு வேறு ஆவணங்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் வருவாய் அளவை 1858-இல் தனித் துறையாகத் தொடங்கிற்று. பழைய கிராம வரைபடம் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 4 மீட்டர். ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனியே புலப்படம் உண்டு. அதே 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் பள்ளிவாசல், தர்கா, கோயில், சத்திரம் ஆகியவற்றுக்கு முந்தைய ஆட்சியாளர்கள் விட்ட நிலங்களை விசாரித்துப் பதிவு செய்தது. யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், யார் அனுபவிக்கிறார் என்று அப்பதிவேட்டில் எழுதியிருப்பர். பிறகு நிலவரித் திட்டப் பதிவேடு, 1979-இல் தொடங்கிய யுடிஆர் மேம்பாட்டுப் பதிவு, இன்றைய சிட்டா, அ பதிவேடு என்று வரிசை தொடர்கிறது. யுடிஆரின்போது பெயர் மாறிப்போன பொதுநிலங்கள் எத்தனையோ; அதனால்தான் அதற்கு முந்தைய பதிவேட்டை வழக்கறிஞர்கள் முதலில் கேட்கின்றனர். 2025-ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃப் ஆகும் என்ற வகையை இனி வருபவற்றுக்கு எடுத்துவிட்டது. எழுத்து ஆவணத்தின் தேவை இதனால் முன்பைவிடக் கூடியிருக்கிறது. முத்தவல்லிமார் புலப்படத்தையும் இனாம் பதிவேட்டு நகலையும் முதலில் தேடட்டும். தலப்படம் அவற்றுக்குத் துணைச்சாட்சியாக, நீண்ட காலமாக அங்கே அது இருந்ததைக் காட்டும் சாட்சியாக, உடன் நிற்கலாம். ஷாஹித் என்ற துணை அறிவிப்புக்கு ஹதீஸ் கலையில் என்ன இடமோ அதே இடம்.

இதில் நீதியின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அதே தாள் அண்டை வீட்டாரின் கோயில் குளத்தையும் மயானத்தையும் மந்தைவெளியையும் காட்டுகிறது. நமக்குச் சாதகமான குறியை மட்டும் படம் பிடித்து அனுப்புவது அமானிதத்துக்கு மாறானது. நம்மவர் ஒருவரின் கடை ஏரிவாய்க்குள் நிற்பதைத் தாள் காட்டினால் அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இப்போதைய தாள்களை நில அளவைத் துறை இணையத்தில் தருகிறது. 2021-இல் வரைபடக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தபின் இது எளிதாயிற்று. புதிய தாள்களின் எண்முறை வேறு என்பதை நினைவில் வையுங்கள். பழையவற்றுக்கு சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய வரைபடத் தொகுப்பு முதலியன உண்டு. உடன்வைத்துப் படிக்க ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918-ஆம் ஆண்டின் சேலம் மாவட்ட கெசட்டியரும், அதற்கு முந்திய லெ ஃபானுவின் 1883-ஆம் ஆண்டு நூலும் போதும். கணினி தெரிந்த பிள்ளைகள் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய தாளை இன்றைய படத்தின் மேல் பொருத்திவிடுவர். பொருத்துவதற்கு இடம் மாறாத புள்ளிகள் நான்கைந்து வேண்டும். பழைய கோயில், குன்றின் உச்சி, கல்பாலம் ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்று வளைவும் ஏரிக்கரையும் நல்லவை அல்ல, அவை நகரும்.

கணினி இல்லாதவர்க்கு வண்ணப் பென்சில் போதும். மாறாமல் இருப்பதற்குப் பச்சை, மறைந்துபோனதற்குச் சிவப்பு, புதிதாக வந்ததற்கு நீலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளின் நகலைக் கையிலெடுத்துக்கொண்டு ஓர் ஓடையை அதன் தலைப்பிலிருந்து ஆறு சேருமிடம் வரை நடந்து பார்த்தால் பிள்ளைகள் ஓராண்டுப் பாடத்தை ஒரு நாளில் கற்றுவிடுவர்.

தாளில் இல்லாதவற்றையும் அப்படி நடக்கும்போதே திரட்ட வேண்டும். ஊரும் சேரியும் அதில் இரண்டு சிவப்புக் கட்டங்களாகத் தனித்தனியே நிற்கும். ஏன் தனித்தனி என்று தாள் சொல்லாது. பெண்கள் நீர் எடுக்கப் போன வழி பல இடங்களில் அதில் இராது. பெரிய ஏரிகளுக்குப் பெயர் இருக்கும், அதுவும் ஆங்கில எழுத்தில், அளவையாளர் காதில் விழுந்தபடி. குட்டைகளும் ஓடைகளும் பெயரின்றிக் கிடக்கும். அப்பெயர்கள் இப்போது முதியவர் சிலரின் நினைவில் மட்டும் உள்ளன. தாளை மடியில் விரித்து, விரலால் தொட்டு, "இதற்கு என்ன பெயர் நன்னா?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய வேலை இது. மொரப்பூர் ரயிலை 1941-இல் ஐந்து வயதுச் சிறுவராக நின்று பார்த்தவருக்கு இன்று வயது தொண்ணூறை எட்டுகிறது.